நிறத்துக்குச் செறிவா, நிரம்பலா, உறப்பா?

வெள்ளவத்தையிலிருந்து, ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். புதன் காலை போட்டோக்கொப்பிக் கடைக்குக் குறிப்பைக் கொடுத்தாக வேண்டும். வடிவமைப்பு வகுப்பில் நிறக்கோட்பாட்டை இம்முறை முழுக்கத் தமிழில் எழுதுகிறேன். நிறவட்டம், முதன்மை நிறம், நிரப்பு நிறம் வரை தடங்கல் இல்லை. அமெரிக்க ஓவியர் மன்செல் 1905இல் நிறத்தின் பண்பை மூன்றாகப் பிரித்து எழுதினாரே, அங்கேதான் நிற்கிறேன். சிவப்பா நீலமா என்பது 'நிறவகை'. வெளிச்சமா இருட்டா என்பது 'ஒளிர்வு'. நிறம் எவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்பது மூன்றாவது. அதை அவர் குரோமா என்றார். இன்றைய மென்பொருள்களில் சற்றே வேறு கணக்கில் சாச்சுரேஷன் என்று வருகிறது. இதற்கு 'செறிவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

கொட்டாஞ்சேனையிலிருந்து, திங்கள் காலை

தம்பி, செறிவு வேண்டாம். நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். எங்கள் பிள்ளைகளுக்குச் செறிவு என்றால் ஒரு லீற்றர் கரைசலில் எத்தனை மூல் என்பதுதான். நீங்கள் கேட்பதற்கு நம் பாடநூலிலேயே சொல் இருக்கிறது: நிரம்பிய கரைசல், நிரம்பாத ஐதரோகாபன். ஆகவே 'நிரம்பல்'. தமிழ்நாட்டில் 'தெவிட்டிய கரைசல்' என்பார்கள். அதை மட்டும் எடுக்காதீர்கள். தெவிட்டிய நிறம் என்றால் பார்த்துச் சலித்த நிறம் என்றாகிவிடும்.

பம்பலப்பிட்டியிலிருந்து, திங்கள் மாலை

அன்புள்ள தம்பிக்கு. வேறு பாடத்துச் சொல்லை ஏன் இரவல் வாங்க வேண்டும்? உரிச்சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியலில் தொல்காப்பியர் "விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே" என்கிறார். வெறுப்பு இன்று வேறு பொருளுக்குப் போய்விட்டது. விறப்புக்கு அச்சம் என்ற பொருளும் உண்டென்று அங்கேயே சொல்லிவிடுகிறார். எஞ்சி நிற்பது உறப்பு. பால் உறைவதும், ஒன்றை ஒன்று உறுவதும் இதன் உறவுதான் என்பது என் எண்ணம். 'நிற உறப்பு' என்று வையுங்கள். நிறவகைக்குச் 'சாயல்' என்று யாராவது கொண்டுவர முன்னரே இதையும் சொல்லிவிடுகிறேன்: "சாயல் மென்மை" என்பதும் அதே இயல்தான். மென்மைக்கு உரிய சொல்லை நிறத்தின் வகைக்குப் போடலாகாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து, திங்கள் இரவு

ஐயா, உறப்பு என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பு முழுவதும் உறைப்பு என்றுதான் வாசிக்கும். மிளகாய்த்தூள்தான் ஞாபகத்துக்கு வரும். சொல் பழையதாக இருந்தால் மட்டும் போதாது, பிள்ளைக்கு விளங்க வேண்டும்.

தெமட்டகொடையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயாவும் அண்ணாவும் கோபிக்க வேண்டாம். அச்சகத்தில் வேலை செய்பவள் சொல்கிறேன். கல்யாண அழைப்பிதழ் அடிக்க வருகிறவர் "சிவப்பைக் கொஞ்சம் கடுமையாக்குங்கள்" என்பார். பளிச்சென்று எடுத்துக் காட்டினால் முகம் சுளிப்பார். அவர் கேட்டது கறுப்புக் கலந்த குங்குமச் சிவப்பு. அடுத்து வருகிறவர் அதே சொல்லைச் சொல்லிக் கண்ணைக் குத்துகிற சிவப்பைக் கேட்பார். கடும், இளம் என்ற நம் பேச்சில் தம்பியின் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அதனால் எதை வைத்தாலும் 'கடுமை' மட்டும் வேண்டாம். என் விருப்பம் 'துலக்கம்'. துலங்கின நிறம், மங்கின நிறம் என்றால் மை தொட்டுப் பழகாத பிள்ளைக்கும் விளங்கும்.

வெள்ளவத்தையிலிருந்து, செவ்வாய் இரவு

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் கணினி முன்னால் இருந்தேன். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தூய சிவப்பு 255, 0, 0. நிறத்தை அந்த மூன்று பண்புகளாலும் குறிக்கிற எச்எஸ்வி முறையில் மற்ற இரண்டையும் தொடாமல் சாச்சுரேஷனை மட்டும் 30 வீதத்துக்கு இறக்கினால் 255, 179, 179 வருகிறது. வெளிறிய ரோஸ். அதேபோன்ற இன்னொரு முறையான எச்எஸ்எல்லில் அதே இறக்கம் 166, 89, 89. பழைய செங்கல்லில் சாம்பல் படிந்ததுபோல் இருக்கிறது. ஒன்று வெள்ளையை நோக்கிப் போகிறது, மற்றது சாம்பலை நோக்கி. துலக்கமும் மங்கலும் இரண்டாவதற்கு அருமையாகப் பொருந்துகின்றன. ஆனால் அந்த ரோஸை யாரும் மங்கல் என்னமாட்டார்கள், வெளிறல் என்பார்கள்.

இரண்டுக்கும் பொதுவாக நடப்பது ஒன்றுதான்: சிவப்பு ஐதாகிறது. அண்ணா, இது உங்கள் ஆய்வுகூடத்துச் சொல். செறிந்த அமிலம், ஐதான அமிலம். தண்ணீர் சேர்த்தாலும் அமிலம் அதே அமிலம், செறிவுதான் குறைகிறது. நிறத்திலும் வகை மாறவில்லை. நீங்கள் தடையாகச் சொன்ன பொருளையே நான் துணையாக எடுத்துக்கொள்கிறேன். நிரம்பலோ ஓர் எல்லையைச் சொல்கிறது, அதற்குமேல் கரையாது என்ற நிலையை. எனக்கு வேண்டியது பூச்சியத்திலிருந்து நூறு வரை ஏறி இறங்குகிற அளவு. செறிந்த நீலம், ஐதான நீலம் என்று அடையாக வைக்கவும் வாய் தடுக்கவில்லை.

ஆகவே 'நிறச்செறிவு' என்று எழுதுகிறேன். தனிமடலில் எழுதிய இருவரும் இதையே சொன்னார்கள். செறிவைக் குறைக்கும் செயலுக்குப் 'பசலைப்படுத்தல்' என்று ஓர் ஆசை இருக்கிறது, பிரிவில் தலைவியின் மேனி வெளிறுவதைச் சங்கப் பாட்டில் பசலை என்பார்களே, அதை நினைத்து. ஐயா என்ன சொல்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனையிலிருந்து, செவ்வாய் இரவு

சரி, நீங்கள் அந்தப் பொருளில் சொல்வதானால் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 'நிரம்பல்' என்பதையும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து, புதன் அதிகாலை

பசலை வேண்டாம் தம்பி. பசலையில் உள்ள நிறம் ஐதாவதில்லை. மாமை என்ற இயல்பான மேனி நிறத்தின் மேல் வேறொன்று வந்து படர்கிறது. குறுந்தொகை 399இல் பரணர் அதை ஊருண் கேணியின் பாசிக்கு ஒப்பிடுவார். காதலர் தொடத்தொட நீங்கும், விடவிடப் பரவும். அடியில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. நீங்கள் மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படலங்களை வைப்பீர்களே, பசலை அதற்கு உரிய சொல். அந்தப் பாடம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் செறிவு என்றே கடைக்குக் கொடுங்கள். உறப்பை நான் இன்னும் விடவில்லை.