கம்பெனி பஸ் விபத்து: செத்த டிரைவர் மேல எழுதி கேஸை முடிக்கப் பார்க்கறாங்க, என்ன வழி?

வடசென்னைக்காரன்

என் தங்கச்சி வீட்டுக்காரர் போன மாசம் தவறிட்டார். வயசு 34. ஒரகடத்துல ஒரு பெரிய கம்பெனியில கான்ட்ராக்ட் லேபர், சம்பளம் 20,000. நைட் ஷிஃப்ட் முடிச்சு பெரம்பூருக்குத் திரும்பி வர்றப்ப, இருங்காட்டுக்கோட்டை தாண்டி நின்னுட்டிருந்த லாரியில கம்பெனி பஸ் மோதிடுச்சு. டிரைவரும் அங்கேயே போயிட்டார்.

எஃப்ஐஆர்ல அந்த டிரைவர் பேரு மட்டும்தான். "ஆளே இல்ல, அதோட முடிஞ்சுடும்"னு ஸ்டேஷன்ல சொல்றாங்க. கூட வேலை பாக்கறவங்க சொல்றது வேற. முந்தின நாள் மத்தியான ஷிஃப்ட் ஆளுங்களை ராத்திரி இறக்கி விட்டதும் அதே டிரைவர்தான். மாத்து ஆள் கிடையாது. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பொண்ணு பஸ் க்ரூப்ல, "அண்ணன் தூங்கித் தூங்கி ஓட்டறாரு, முன்னாடி சீட்ல இருக்கறவங்க பேச்சு குடுங்க"ன்னு வாட்ஸ்அப் போட்டிருக்கு. டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் அதைப் பார்த்ததும் அதுல தெரியுது.

பஸ் எங்களுது இல்லைங்கறாங்க எச்ஆர். டிராவல்ஸ்காரர் காரியத்தன்னைக்கே வந்து, மூணு லட்சம் தர்றேன், ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போடுங்கன்னார். தங்கச்சிக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கு, மாமியாரும் இவங்க கூடத்தான். தூங்காத மனுசன் கையில ஒரு பஸ் ஜனத்தைக் கொடுத்தவங்க பேரு ஒரு பேப்பர்லகூட இல்லையே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஹெவி லைசென்ஸ்

தம்பி, அந்த ஏரியாவுல நானும் ஷிஃப்ட் பஸ் ஓட்டியிருக்கேன். மத்தியான ஷிஃப்டை இறக்கி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகும். நாலு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டை ஏத்தணும், அவங்களை விட்டுட்டு நைட் ஷிஃப்டை ஏத்திட்டு வரணும். நடுவுல கடைசி சீட்ல கொசுக்கடியில புரண்டு படுக்கறதுதான் தூக்கம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48ன்னு 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துலயே சொல்லியிருந்தது. எங்களுக்கு டிரிப்புக்குத்தான் காசு. முடியாதுன்னா நாளைக்கு வேற ஆளு.

கம்பெனி கேட்ல செக்யூரிட்டி எழுதற இன்-அவுட் ரிஜிஸ்டர், டிரிப் ஷீட், ஜிபிஎஸ், மூணும் பேசும். அழிஞ்சு போறதுக்கு முன்னாடி கேளுங்க. அந்த டிரைவர் வீட்டுக்கும் போங்க. பேட்டா கணக்குக்கு எங்க ஆளுங்க சின்ன நோட்டுல டிரிப்பை எழுதி வெச்சிருப்பாங்க. அவர் சம்சாரத்துக்கும் தொழிலாளர் இழப்பீடா ஓனர்கிட்டேருந்து பணம் வரணும், யாராவது சொன்னாங்களோ இல்லையோ.

ஸ்மால் காஸஸ் வக்கீல்

கையெழுத்துப் போட விடாதீங்க. யார் மேல தப்புன்னு நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டம் 164ல உயிரிழப்புக்கு 5 லட்சம் உண்டு. அதைவிடக் குறைச்சலா கொடுத்து வாயடைக்கப் பார்க்கறார்.

நீங்க போடவேண்டியது அதே சட்டத்துல 166வது பிரிவு, தப்பைக் காட்டி முழு நஷ்டஈடு கேக்கற மனு. விபத்து காஞ்சிபுரம் மாவட்டத்துல நடந்தாலும், தங்கச்சி பெரம்பூர்ல இருக்கறதால ஹைகோர்ட் வளாகத்துல இருக்கற ஸ்மால் காஸஸ் கோர்ட் தீர்ப்பாயத்துலயே போடலாம். ஆறு மாசத்துக்குள்ள போடணும்ங்கற விதி 2022 ஏப்ரல் 1லேருந்து இருக்கு, தள்ளிப் போடாதீங்க. கணக்கு இப்படி வரும்: 20,000 கூட எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தா 28,000. அவரோட சொந்தச் செலவுன்னு மூணுல ஒரு பங்கு கழிப்பாங்க. மிச்சத்தைப் பன்னிரண்டு மாசக் கணக்காக்கி, 34 வயசுக்குன்னு வெச்சிருக்கற பெருக்கல் எண் 16ஆல பெருக்கினா 35,84,000 ரூபாய். ஈமச்செலவு, துணையை இழந்ததுக்கான தொகை எல்லாம் அதுக்கு மேல.

கம்பெனியையும் எதிர்மனுதாரரா சேருங்க. வாடகைக்கு எடுத்த பஸ்ஸா இருந்தாலும், ஓட்டம் யார் கட்டுப்பாட்டுல இருந்ததோ அவங்க பொறுப்புன்னு ராஜஸ்தான் போக்குவரத்துக் கழக வழக்குல 1997லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ரூட்டையும் நேரத்தையும் கம்பெனிதான் போட்டுதுன்னு காட்டணும், அதுக்குத்தான் மேல டிரைவர் அண்ணன் சொன்ன காகிதங்கள்.

கிரிமினல் பக்கம் கஷ்டம்தான், ஆனா வழியில்லாம இல்ல. 2012ல முடிச்சூர்ல ஸ்கூல் பஸ் ஓட்டை வழியா ரெண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தப்ப, தாளாளரையும் எஃப்சி (வண்டி ஓடத் தகுதின்னு சான்று) கொடுத்த ஆய்வாளரையும் சேர்த்தே கைது பண்ணாங்க. டூட்டி போட்டவங்களையும் விசாரிக்கச் சொல்லி எஸ்பி ஆபீஸ்ல எழுத்துமூலமா மனு கொடுத்து ரசீது வாங்குங்க.

ஷாப் ஃப்ளோர்

இஎஸ்ஐயை (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விட்டுடாதீங்க. 21,000க்குள்ள சம்பளம், கான்ட்ராக்ட்னாலும் அதுக்குச் சம்பளத்துல பிடிச்சிருப்பாங்க. வேலைக்குப் போற வர்ற வழியில நடக்கற விபத்தும் வேலை விபத்து மாதிரிதான். சார்ந்தோர் உதவித்தொகை கூலியில 90 சதவீதம் குடும்பத்துக்கு மாசாமாசம் வரும்.

வடசென்னைக்காரன்

ரொம்ப நன்றிங்க. டிரைவர் வீடு திருவள்ளூர் பக்கமாம், ஞாயித்துக்கிழமை தங்கச்சியும் வர்றேன்னு சொல்லுது. அந்த வாட்ஸ்அப் மெசேஜ் ஸ்க்ரீன்ஷாட் போதுமா?

ஸ்மால் காஸஸ் வக்கீல்

போதாது. அந்தப் பொண்ணுகிட்ட போனை மாத்தவேண்டாம், க்ரூப்லேருந்து வெளியே வரவேண்டாம்னு சொல்லுங்க. புது சாட்சியச் சட்டம் 63ல சான்றிதழோட கொடுக்கணும். அது இன்னும் அங்கதானே வேலை பாக்குது? பேரு வெளியே வராம முதல்ல என்கிட்ட பேசச் சொல்லுங்க.