உள்வாடகைக்கு இருக்கிறோம், ஓனர் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணச் சொல்கிறார். போய்த்தான் ஆக வேண்டுமா?

வேளச்சேரி பேச்சுலர்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேளச்சேரியில் ஒரு வீட்டின் முதல் மாடியில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருக்கிறோம், கீழ் வீட்டில் ஓனர் குடும்பம். அக்ரிமெண்ட் எங்கள் யார் பேரிலும் இல்லை. எங்கள் ஆபீஸில் முன்பு வேலை பார்த்த சீனியர் ஒருவர் பேரில் இருக்கிறது. போன வருஷம் அவர் பெங்களூருக்கு மாறிப் போகும்போது, "அக்ரிமெண்ட் என் பேர்லயே ஓடட்டும், வாடகையை எனக்கு அனுப்புங்க, நான் ஓனருக்குப் போட்டுடுறேன்" என்றார். ஆளுக்கு 8,000 ரூபாய் வாடகை, 30,000 ரூபாய் அட்வான்ஸ், எல்லாமே அவருக்கு ஜீபேயில்தான் போனது.

இப்போது என்னவென்றால், நாங்கள் ஒழுங்காக அனுப்பிய வாடகையை அவர் இரண்டு மாசமாக ஓனருக்குக் கட்டவில்லை. ஓனர் போன் பண்ணினால் எடுப்பதும் இல்லை போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வந்து பார்த்தால், கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யவும். தவறினால் பூட்டு மாற்றப்படும்." கையெழுத்து இல்லை, தேதி இல்லை. நேரில் போய்க் கேட்டதற்கு "உங்களை நான் குடி வைக்கவே இல்லையே, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்கிறார். மாசாமாசம் இபி காசை யூனிட் கணக்குப் பார்த்து எங்களிடம்தான் வாங்குவார், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தார், இப்போது தெரியாதாம்! இன்று காலையிலிருந்து மோட்டாரும் போடவில்லை. சுவிட்ச் அவர் வீட்டுக்குள் இருக்கிறது.

எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா, இல்லை பெட்டியைக் கட்ட வேண்டியதுதானா? அட்வான்ஸை யாரிடம் கேட்பது?

தாம்பரத்தான்:

அக்ரிமெண்டில் பேர் இல்லையென்றால் சட்டப்படி நீங்கள் யாரோ ஒருவர்தான். ஓனர் நினைத்தால் அத்துமீறி நுழைந்ததாகவே புகார் கொடுக்கலாம். போலீஸ் வந்து சாமானைத் தூக்கி வெளியே வைப்பதற்கு முன்னால் மரியாதையாகக் கிளம்புவது நல்லது. பேச்சுலர் பசங்களுக்கு எந்த ஸ்டேஷனிலும் மரியாதை கிடையாது.

கறுப்புக் கோட்டு:

மேலே சொன்னதில் கடைசி வரி வேண்டுமானால் உண்மையாக இருக்கலாம், மற்றது தப்பு. நான் சென்னையில் சிவில் பக்கம் பிராக்டிஸ் பண்ணுகிறேன், வாடகை கேஸ் நிறைய பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குப் பாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது (முழுப் பேரைச் சொன்னால் பாதிப் பக்கம் போய்விடும், விடுங்கள்). அதில் ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. இபி காசு வாங்கினார், கரும்பு கொடுத்தார் என்பதெல்லாம் அவருக்கு உங்களைத் தெரியும் என்பதற்குச் சாட்சி, எழுத்துப்பூர்வ சம்மதம் ஆகாது. சம்மதம் இல்லாமல் இன்னொருவரைக் குடிவைத்தது, இரண்டு மாத வாடகை பாக்கி, இந்த இரண்டுமே வீட்டைத் திரும்பக் கேட்க 21-ஆம் பிரிவில் இருக்கிற காரணங்கள். ஆக, ஓனர் கேஸ் போட்டால் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சீனியர் மேல் கேஸ் போட்டு உத்தரவு வாங்கினால் அது உங்களையும் சேர்த்தே வெளியேற்றும், உங்களைத் தனியாகக் கட்சி சேர்க்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆனால் அந்தக் கேஸை அவர் போட்டாக வேண்டும். வாடகை நீதிமன்றத்தில் மனு போட்டு, உத்தரவு வாங்கி, அதை நிறைவேற்றித்தான் வெளியேற்ற முடியும். நோட்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் பூட்டை மாற்ற முடியாது. காரணம் நூறு சதவீதம் நியாயமாக இருந்தாலும் முடியாது. நீங்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வரவில்லை. சாவி வாங்கி, வாடகை கொடுத்து, ஊர் பார்க்கக் குடியிருக்கிறீர்கள். அப்படி நிலைபெற்ற அனுபவத்தில் (அதாவது வீட்டைத் தன் கைவசம் வைத்து) இருப்பவரை, அவருக்கு உரிமைப் பத்திரம் எதுவும் இல்லாவிட்டாலும், சட்டப்படியான வழியில்தான் அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்களைக் காலி செய்ய வைக்கப் போலீஸுக்கும் அதிகாரம் கிடையாது.

மீறிப் பூட்டிவிட்டால் 1963-ஆம் வருஷத்து குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இருக்கிறது. சம்மதம் இல்லாமல், சட்ட வழியில் இல்லாமல் அனுபவத்திலிருந்து அகற்றப்பட்டவர் ஆறு மாசத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். வீடு யாருடையது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, எதிர்க்கட்சி ஓனராகவே இருந்தாலும் சரி.

மோட்டார் விஷயம் தனி. தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய சேவையை நிறுத்தக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது, வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் இடைக்கால உத்தரவு போடலாம். சீனியர் பேரில் இருக்கிற அக்ரிமெண்ட் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்காது என்று நினைக்கிறேன், அதனால் அந்த அலுவலகத்தில் இழுத்தடிப்பார்கள். அப்படியானால் சிவில் கோர்ட்டில் "சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றக் கூடாது" என்று தடையாணை கேட்பதுதான் கைகொடுக்கும்.

அப்புறம் நோட்டீஸ். மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் என்பது 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. உங்களுக்கு வாடகைக்கு விட்டவர் சீனியர்தான், அதனால் உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் அவர். ஓனர் கொடுக்க வேண்டியது சீனியருக்கு. தேதியும் கையெழுத்தும் இல்லாத அந்தத் தாள் யாருக்கும் நோட்டீஸ் இல்லை, ஆனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவர் மிரட்டினார் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் உங்களிடம் இல்லை.

மாடிவீட்டு மாமா:

வக்கீல் சார் சொன்னது சரியாகவே இருக்கட்டும். நான் நங்கநல்லூரில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன், எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டாமா? ஒருத்தனை நம்பி வீட்டைக் கொடுக்கிறோம், ஆதார் வாங்குகிறோம், ஸ்டேஷனில் வாடகைதாரர் விவரம் கொடு என்கிறார்கள், கொடுக்கிறோம். ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் அந்த ஆள் வேறு ஊரில், உள்ளே வேறு மூன்று பேர். நாளைக்கு ஏதாவது நடந்தால் ஸ்டேஷன் வாசலில் நிற்கப் போவது நான். இதில் வாடகையும் வரவில்லை என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது? கேஸ் போடச் சொல்கிறீர்கள், வக்கீல் பீஸ் யார் கொடுப்பது?

ஆனாலும் தம்பி, மோட்டாரை நிறுத்தினது அநியாயம், அதை நான் ஒத்துக்க மாட்டேன். நீ பேச்சுலர் மாதிரி மூன்று பேராகப் போய் நின்று சட்டம் பேசாதே. பேங்க் ஸ்டேட்மெண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருத்தன் மட்டும் போ. "சார், நாங்க மாசாமாசம் கொடுத்துட்டோம், அவர்தான் உங்களுக்குத் தரலை, இதோ பாருங்க" என்று காட்டு. அந்த ஆள் பாதி நீங்கள்தான் ஏமாற்றுகிறீர்கள் என்ற நினைப்பில் இருப்பார். இந்த மாச வாடகையை நேராக உங்களுக்கே கொடுக்கிறோம் என்று சொல்லிப் பார்.

பெரம்பூர் பானு:

மாமா சொன்னபடி பேசிப் பாருங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒருவராவது இருங்கள். என் தங்கை இதே மாதிரி இன்னொருத்தி பேரில் இருந்த வீட்டில் இருந்தாள். ஆபீஸ் போய்விட்டு வந்தால் புதுப் பூட்டு. உள்ளே லேப்டாப், சர்டிபிகேட், எல்லாம். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா" என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் நகரவில்லை. வாடகைத் தகராறுக்காக நாங்கள் வரவில்லை, அவள் சாமானை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள், அதற்குப் புகார் வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருவது) வாங்கினோம். ரசீது போட்டதும் எஸ்.ஐ. போன் பண்ணினார், ராத்திரியே பூட்டைத் திறந்தார்கள். அவள் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கவில்லை, ஆனால் அட்வான்ஸ் பேசி முடிக்கும் வரை சாவி அவளிடம்தான் இருந்தது, அதுதான் முக்கியம்.

அதனால் இப்போதே ஒவ்வொரு அறையும் சாமானோடு தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். சர்டிபிகேட்டை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள். காலி பக்கெட், வராத குழாய், அதையும் எடுங்கள். வீட்டு விலாசம் போட்டு வந்த கேஸ் பில், கூரியர் கவர் எதுவும் குப்பையில் போக வேண்டாம். வக்கீல் வைக்கிற வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் பண்ணுங்கள், அது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண்.

வேளச்சேரி பேச்சுலர்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மாமா சொன்ன மாதிரி நேற்று நான் மட்டும் ஸ்டேட்மெண்டோடு போனேன். முதலில் கத்தினார், அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துவிட்டு "அந்தப் பய உங்ககிட்டயும் வாங்கிட்டு என்கிட்ட கதை விட்டிருக்கான்" என்றார். மோட்டார் போட்டுவிட்டார். ஆனால் வீடு வேண்டும் என்பதில் மாறவில்லை, மகள் குடும்பம் வருகிறதாம். ஞாயிறு என்பதை மாசக் கடைசி ஆக்கியிருக்கிறார். இரண்டு மாச பாக்கியை நாங்களே மறுபடி கட்டினால் இன்னொரு மாசம் தருகிறாராம். ஏற்கெனவே கொடுத்த வாடகையை இன்னொரு தடவை கொடுப்பதா என்று ரூம்மேட் குதிக்கிறான். சீனியர் வாட்ஸ்அப்பில் "ஆபீஸ்ல பிஸி, வீக்கெண்ட் பேசலாம்" என்று மட்டும் போட்டிருக்கிறார். அவர் ஓனரிடம் கொடுத்த அட்வான்ஸ் ஒரு லட்சமாம், அது அப்படியே இருக்கிறது என்று ஓனரே சொன்னார்.

தாம்பரத்தான்:

பாக்கியைக் கட்டாதீர்கள். கட்டினால் அந்தப் பணம் போனது போனதுதான்.

கறுப்புக் கோட்டு:

இந்தத் தடவை தாம்பரத்தானோடு நானும் ஒத்துப்போகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. கட்டினால் திரும்பக் கேட்க வழியே இல்லை என்பது இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, இன்னொருவர் கட்ட வேண்டிய பணத்தைத் தன் நலன் காக்கக் கட்டியவர் அவரிடம் வசூலிக்கலாம் என்கிறது. சட்டத்திலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது: ஜமீன்தார் கட்டாத நிலவரிக்காக நிலம் ஏலத்துக்கு வருகிறது, ஏலம் போனால் குத்தகை ரத்தாகிவிடும் என்று குத்தகைக்காரர் தானே வரியைக் கட்டிவிடுகிறார், ஜமீன்தார் அதைத் திருப்பித் தர வேண்டும். கிட்டத்தட்ட உங்கள் நிலைமைதான். ஆனால் 48,000 ரூபாய்க்காக பெங்களூரில் இருப்பவரைச் சென்னைக் கோர்ட்டுக்கு இழுப்பது உங்களுக்குத் தேவையா?

அந்த ஒரு லட்சம் ஓனர் கையில் இருக்கும்போது பாக்கியே ஒரு பெரிய பிரச்சினை இல்லை. அவர் பாக்கி 48,000-ஐ அதில் கழித்துக்கொள்ளட்டும், மீதி 52,000 இருக்கும். அது சீனியருக்குச் சேர வேண்டிய பணம், ஓனர் தன்னிஷ்டத்துக்கு உங்களிடம் கொடுத்தால் நாளைக்கு அவர் மாட்டிக்கொள்வார். அதனால் சீனியரிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வாங்குங்கள்: "வாடகை பாக்கி போக மீதி அட்வான்ஸை மேற்படி மூவருக்கும் கொடுக்கச் சம்மதம்." உங்கள் 90,000-இல் பாக்கி நிற்கிற 38,000-க்கும் அவர்தான் பொறுப்பு. ஓனர் உங்களிடம் அட்வான்ஸ் வாங்கவில்லை, அவரைக் கேட்க முடியாது. வீக்கெண்ட் வரை காத்திருக்காமல் இன்றே ஸ்பீட் போஸ்டில் சீனியருக்கு ஒரு கடிதம் போடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள்: இந்தந்தத் தேதியில் இவ்வளவு அனுப்பினோம், ஓனருக்குச் சேரவில்லை, இனி வாடகையை நேராக ஓனருக்கே கட்டுகிறோம், மீதித் தொகைக்கு ஏழு நாளில் பதில் வேண்டும். வாங்கிய வாடகையைக் கட்டாமல் கையில் வைத்திருந்தவருக்கு அது எழுத்தில் வந்தால் பிஸி குறைந்துவிடும், பெரும்பாலும்.

இன்னொன்று, அங்கேயே வருஷக்கணக்கில் இருக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். அக்ரிமெண்ட் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்க அந்த 2017 வாடகைச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. உங்களிடம் இருக்கிற உரிமை அவகாசம் வாங்கவும் பணத்தை மீட்கவும்தான் உதவும். ஓனரிடம் இரண்டு மாசம் கேளுங்கள், ஒன்றரைக்கு வருவார். வேறு வீடு பார்க்கும்போது தயவுசெய்து மூன்று பேர் பேரையும் அக்ரிமெண்டில் போடச் சொல்லுங்கள்.

மாடிவீட்டு மாமா:

வக்கீல் சார் கணக்கு எனக்கே பிடித்திருக்கிறது. தம்பி, ஓனரிடம் பேசி முடித்தால் வெள்ளைப் பேப்பரில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்: காலி செய்யும் தேதி, கழித்துக்கொண்ட பாக்கி, இபி ரீடிங், அதுவரை தண்ணீர் கரண்ட் நிற்காது என்பது. பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகை பிடிப்பேன் என்று கடைசி நாளில் ஆரம்பிப்பார், நாங்கள் எல்லாருமே ஆரம்பிப்போம், அதையும் இப்போதே பேசி எழுதிவிடு. பணம் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடு.