டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறுகிறது, காரணம் என்ன?
சங்ககிரியில் ஓடும் பன்னிரண்டு சக்கர லாரி, 2021 மாடல், பிஎஸ்6. போன மாதத்திலிருந்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) இன்ஜின் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறுகிறது. இப்போது மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு நிற்கிறது. தொட்டால் தண்ணீர் மாதிரி, முகர்ந்தால் டீசல் வாடை. பால் நிறம் இல்லை, கூலண்டும் குறையவில்லை, அதனால் கூலண்ட் கலப்பாகத் தெரியவில்லை.

ஊற்றுவது 15டபிள்யூ-40, சிகே-4 தர ஆயில் தான். பழைய தரமான சிஐ-4 மலிவு, ஆனால் அதன் சாம்பல் டிபிஎஃப்பை (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைக்கும் என்பதால் அந்தப் பக்கமே போவதில்லை. ஆயில், ஃபில்டர் மாற்றியும் பார்த்தாயிற்று. மறுபடி அதே கதை. ஒரு மெக்கானிக் இன்ஜெக்டர் ஒழுகல் என்கிறார். இன்னொருவர், டவுனுக்குள் சிமெண்ட் லோடு, உருட்டி உருட்டி ஓட்டம், ரீஜெனரேஷன் (டிபிஎஃப்பில் சேர்ந்த கரியைக் கூடுதல் டீசல் விட்டு எரிப்பது) பாதியில் நின்று டீசல் ஆயிலில் இறங்குகிறது என்கிறார். ரீஜென் விளக்கும் அடிக்கடி எரியத்தான் செய்கிறது.

இரண்டில் எது என்று இன்ஜெக்டரைக் கழற்றாமலே கண்டுபிடிக்க வழி உண்டா?