வத்தளை வளவு ஃபமிலி 🐄

பாஸ்கரன் மாமா: பொலன்னறுவை வைக்கல் லொறி நாளைக்கு விடிய 5க்கு வந்திடுமாம். 200 ரோல். கொட்டில் நிரம்பிட்டு வெளியில தான் அடுக்கோணும். ஆராவது ஓல்ட் மூர் ஸ்ட்ரீட்டில சுத்துற பொலித்தீன் எடுத்து அனுப்பேலுமோ

தர்ஷி: 200ஆ 😳 மாடு அஞ்சு தானே

ராஜி அக்கா: நீலப் படங்கு ஞாயிறு சாமத்திய வீட்டுக்கு. இப்பவே சொல்லிட்டன்

கஜன்: காத்துப் புகாம ஃபுல்லா சுத்துங்கோ மாமா. யூடியூப்பில வெள்ளைக்காரர் அப்பிடித்தான்

சிவா சித்தப்பா: கஜன் நீ பாத்தது சைலேஜ் அது பச்சைப் புல்லை ஈரத்தோட கட்டி புளிக்க விடுறது, காஞ்ச வைக்கல் வேற, ஈரம் 15 சதவீதத்துக்கு மேல இருக்கேக்க மூடினா உள்ளுக்க வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், சூடேறி 70 பாகை தாண்டினா தானா நெருப்பும் பிடிக்கலாம், மச்சான் முதல் ரோலுக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ சூடெண்டா மூடவே வேண்டாம், நிலத்தில நேர வைக்கப்படாது கீழயிருந்து உறிஞ்சும் பலட் போடுங்கோ, சுத்திறதெண்டா வளைஞ்ச பக்கம் மட்டும், ரெண்டு முகமும் திறந்து கிடக்கோணும் அப்பத்தான் ஆவி போகும், 4 அடி ரோலிலயே சுத்திவர அரை அடி பழுதானா பாதிக்குக் கிட்டப் போச்சு இது சின்ன ரோல் யோசிச்சுப் பாருங்கோ

கஜன்: சித்தப்பா வொயிஸ் போடுங்கோ ப்ளீஸ்

பாஸ்கரன் மாமா: பலட் 6 தான் கிடக்கு

பெரியம்மா: முந்தி வவுனியாவில யூரியா போட்டெல்லோ மூடிறவை

சிவா சித்தப்பா: அது ஊட்டம் ஏத்த அக்கா. 100 கிலோவுக்கு 4 கிலோ கரைச்சுத் தெளிச்சு இறுக்கி மூடோணும். 2021ல அரசாங்கம் ரசாயன உரம் இறக்கிறதை நிப்பாட்டினதோட கனபேர் விட்டிட்டினம்

குமார் மாமா லண்டன்: எந்தப் பக்கம் அடுக்கிறாய்? வளவு இன்னும் பிரிக்கேல்ல

பாஸ்கரன் மாமா: மதிலோரம்

குமார் மாமா லண்டன்: தென்னைப் பக்கம் எனக்கெண்டு அப்பா சொன்னவர்

பாஸ்கரன் மாமா: மதிலோரம் எண்டு தமிழில தானே போட்டனான்

ராஜி அக்கா: மதிலோரம் சாப்பாட்டுப் பந்தல் மாமா!!!

தர்ஷி: மாடும் பந்தியில இருக்குதாம் 😂

பெரியம்மா: தம்பிமார் குறூப்பில சண்டை வேண்டாம். ராஜி படங்கை ரெண்டு நாளைக்குக் குடன்

ராஜி அக்கா: போனமுறை குடுத்த அண்டாவே இன்னும் வரேல்லை அம்மா

கஜன்: நான் கொட்டாஞ்சேனையில நிக்கிறன். கடையெல்லாம் பூட்டிட்டான். விடிய 9க்குப் பிறகு தான்

பாஸ்கரன் மாமா: அதுவரைக்கும் மழை வராம நிக்குமே

சிவா சித்தப்பா: கறுப்பு எடுக்காத, வெயிலுக்குக் கொதிக்கும். வெள்ளை எடு

கஜன்: காசு ஆர் போடுறது

கஜன்: ஹலோ

பெரியம்மா: குமார் இந்தமுறை நீ போடன்

குமார் மாமா லண்டன்: பிரிச்சாப் பிறகு பாப்பம்

தர்ஷி: ராஜியக்கா தண்ணி வாக்கிறது எத்தினை மணிக்கு? பிளவுஸ் இன்னும் தைச்சு வரேல்லை

ராஜி அக்கா: 9.12. வெள்ளன வாங்கோ, பிளவுஸ் வராட்டி என்ரயைப் போடலாம்