வேலை கிடைக்காததற்குக் காரணம் குடியிருக்கும் தெருவா?

சக்கரத்தடம்:
மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை என்றாலே பயிற்சி, சான்றிதழ், முதலாளியின் மனம் என்று பேசுகிறோம். வீட்டு வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் சக்கர நாற்காலியில் செல்பவன். நேர்காணலுக்குப் போகும் வழியில் சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுப்பதற்குள் சட்டைக் கைவரை சேறு. 20 நிமிடம் தாமதம். உள்ளே என்னைக் கேட்ட முதல் கேள்வி: "தினமும் இப்படித்தான் வருவீர்களா?"

கணக்கன்:
வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் தெருவின் மேல் பழி போடாதீர்கள். ஆட்கள் ஓரிடம், வேலைகள் வேறிடம் என்பதே சிக்கல் என்று 1968இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் கெய்ன் எழுதினார். சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களின் கறுப்பின மக்களைப் பற்றி. 1986இல் இன்னொரு பொருளாதார அறிஞர் டேவிட் எல்வுட் சிகாகோவை மறுபடி ஆராய்ந்து, பக்கத்தில் வேலை இருந்தும் கறுப்பின இளைஞர்களுக்குக் கிடைக்கவில்லை, தடை இடமல்ல, இனமே என்றார். ஊன்றுகோலைக் கண்டதும் முகம் மாறுகிற மேலாளர் அடுத்த தெருவில் இருந்தால் என்ன, அடுத்த ஊரில் இருந்தால் என்ன?

சக்கரத்தடம்:
அந்த இளைஞர்களால் நடக்க முடிந்தது ஐயா! அவர்களுக்குப் பக்கம் என்றால் பக்கம்தான். 15 சென்டிமீட்டர் படி ஒன்றை நான் ஏற, வழக்கமான 1:12 சரிவுக் கணக்கில் (1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) 180 சென்டிமீட்டர் சாய்தளம் வேண்டும். அது இல்லாவிட்டால் எனக்கு 200 மீட்டரும் 20 கிலோமீட்டரும் ஒன்றே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் வேலை உரிமை 27ஆம் பிரிவு. சாலை, கட்டடம், போக்குவரத்து 9ஆம் பிரிவு. எண் வேறாக இருப்பதால் விஷயமும் வேறு என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

மாடிவீடு:
வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமே. இல்லாவிட்டால் நல்ல பகுதிக்குக் குடி மாறலாம்.

சக்கரத்தடம்:
மாறலாம். வாடகைக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு வேலை வேண்டும்.

ஊசிநூல்:
எனக்குப் போலியோவால் ஒரு கால் சூம்பியது. தையல் கூடத்தில் வேலை. வீட்டிலிருந்தபடி அங்கே காஜா எடுக்க முடியாது. எங்கள் தெருவும் மேடும் பள்ளமும்தான். ஆனால் எதிர்வீட்டு அக்கா அதே கூடத்தில் இருந்தார். "இவள் கை சுத்தம், நான் பொறுப்பு" என்று அவர் சொன்ன பிறகே என்னை உள்ளே விட்டார்கள். வழவழப்பான தெருவுக்கு நான் போயிருந்தால் அந்தச் சொல் கிடைத்திருக்காது. அக்கம்பக்கம் என்றால் சாலை மட்டும்தானா?

கணக்கன்:
பார்த்தீர்களா, கடைசியில் மாறியது முதலாளியின் மனம்தான்!

சக்கரத்தடம்:
மாற்றிய அக்கா எங்கே குடியிருந்தார்?

கணக்கன்:
சரி, அந்த ஒரு அக்காவை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் சாக்கடை மூடியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.