பொருள்: துருவேறிய குழாய்களை மாற்றும் பாடம் – பெயர்கள் வேண்டும்

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

அன்புடையீர், வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கான வாகனப் பழுதுபார்ப்பு வகுப்புக்குத் தமிழில் கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் வருபவை பெரும்பாலும் பழைய புரோட்டோன் சாகா கார்கள். உர மூட்டை ஏற்றிய வண்டிகளில், சிந்திய பொட்டாசியம் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து கீழே கசிந்து, அடித்தளத்தை ஒட்டி ஓடும் இரும்புக் குழாய்களை அரித்துவிடுகிறது. பனிநாடுகளில் சாலையில் தூவும் உப்பு செய்வதும் இதைத்தான்.

அங்கே பெட்ரோல் செல்லும் குழாயும் பிரேக்குக்குச் செல்லும் குழாயும் அருகருகே ஓடுகின்றன. நம் பேச்சிலோ பெட்ரோலும் எண்ணெய், பிரேக்கில் ஊற்றுவதும் எண்ணெய், எஞ்சினுக்கு ஊற்றுவது கறுப்பு எண்ணெய். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயின் அரித்த துண்டை வெட்டிவிட்டு, பெட்ரோலுக்கென்றே செய்த ரப்பர் ஓஸைச் செருகிக் கிளிப்பால் இறுக்கலாம். அங்கே அழுத்தம் மிகக் குறைவு. பிரேக்குக் குழாயில் அதைச் செய்தால், மிதியை ஓங்கி அழுத்தும்போது 70 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் எழும் அழுத்தத்தில் ஓஸ் கழன்றுவிடும், வண்டி நிற்காது. 'எண்ணெய்க் குழாய்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என்ன எழுதலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிள்ளான்:

'தடுப்புத் தூம்பு', 'எரிநெய்த் தூம்பு' என்று எழுதுங்கள். தூம்பு என்பது உள்துளை உடையது. ஏரி மதகின் துளைக்கும் மூங்கில் குழலுக்கும் அதுவே பெயர். பாணர் கொண்டுசென்ற, யானை உயிர்ப்பது போல் ஒலித்த நெடுங்கருவியும் தூம்புதான். தும்பிக்கையும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே என்பது என் துணிபு. இத்தனை வளமான சொல்லை விட்டுவிட்டுப் பைப்பு, ஓஸ் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தகுமா?

பட்டறை நடத்துபவர், தைப்பிங்:

ஐயா, சொல்லின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனிடம் 'தூம்பை எடு' என்றால் அவன் எதை எடுப்பான்? வடசொல்லை அதன் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதத் தொல்காப்பியரே இடம் தந்திருக்கிறார்; பிற மொழிச் சொல்லுக்கும் அது பொருந்தும். 'பிரேக்குக் குழாய்', 'பெட்ரோல் குழாய்' போதும்.

அதைவிடப் பெரிய ஆபத்து 'பிரேக்கு எண்ணெய்' என்னும் வழக்கில் இருக்கிறது. டாட் 3, டாட் 4 என்று விற்பவை எண்ணெயே அல்ல. கிளைக்கால் ஈதர் சார்ந்த நீர்மங்கள். எண்ணெய்தானே என்று எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றினால், உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பிரேக்கு செயலிழந்துவிடும். மேலும் அந்நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், காலத்தே மாற்றாவிட்டால் குழாய் உள்ளிருந்தும் துருவேறும். 'பிரேக்கு நீர்மம்' என்று மாற்றுவதற்காக மட்டுமே இவ்வளவு எழுதுகிறேன்.

ஆய்வு மாணவி, ஈப்போ:

'நாளம்' என்று ஏன் சொல்லக் கூடாது? இரத்தநாளம் என்னும் சொல்லை மாணவர் அறிவியல் பாடத்திலேயே படித்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிள்ளான்:

நாளம் வடசொல் என்பார்கள்; நான் அதை நாழியோடு சேர்த்து, மூங்கிலின் துளையைக் குறித்த தமிழ்ச் சொல்லாகவே கருதுகிறேன். அதையும் ஏற்பேன். ஆனால் 'பிரேக்கு' கூடாது. வடசொல்லுக்குச் சொன்ன விதியை ஆங்கிலத்துக்கு நீட்டினால் எங்கே நிறுத்துவது?

பட்டறை நடத்துபவர், தைப்பிங்:

நாளம் உடம்பில் வளைந்து கொடுப்பது. சக்கரத்தின் அருகே உள்ள ரப்பர் ஓஸுக்கு வேண்டுமானால் பொருந்தும். இரும்புக் குழாய்க்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர் தவறான பொருளை வாங்கி வருவார்.

இன்னொரு செயலுக்கும் பெயர் இல்லை. புதுக் குழாயின் முனையை முதலில் விரித்து, அந்த விளிம்பை உள்ளே மடித்து, இரண்டு சுவராக்கி நட்டில் அமர்த்துகிறோம். ஒற்றையாய் விரித்தால் விளிம்பு வெடிக்கும். இதை 'இருமடி வாய்' எனலாமா? செம்பு 90, நிக்கல் 10 விழுக்காடு கலந்த குழாய் கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது. இருமடி வாயும் அதில் எளிதாக அமையும். வெறும் செம்புக் குழாயை வாங்க விடாதீர்கள். அது அதிர்வில் களைத்து வெடிக்கும்.

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. பிரேக்குக் குழாய், பெட்ரோல் குழாய், பிரேக்கு நீர்மம் ஆகியவற்றைப் பாடத்தில் எழுதுகிறேன். ரப்பரால் ஆனது ஓஸ் என்றே இருக்கும். இங்கே எழுதாமல் எனக்குத் தனியாக எழுதிய வேறு இருவரும் இதையே விரும்பினார்கள். 'தடுப்புத் தூம்பு' சொற்பட்டியலில் இடம்பெறும். 'இருமடி வாய்' படத்தின் கீழ் வரும். 'வாய்' என்பதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிள்ளான்:

நீர்மத்தை மனமார ஏற்கிறேன். 'பிரேக்கு' குறித்த என் மறுப்பு நீடிக்கிறது. பட்டியலில் தூம்பு முதலில் வர வேண்டும். வாய்க்கு மாற்றாக 'இருமடி விளிம்பு' என்று முன்மொழிகிறேன்.