மால்மோ வெஸ்ட்ரா ஹாம்னனில் ஒரு நாள் சைக்கிள் சுற்று: எங்கே தொடங்கலாம்?

கனி_கோபன்ஹேகன்:

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் இருக்கும் என் கல்லூரித் தோழிகள் மூன்று பேர் ஜூன் கடைசியில் வருகிறார்கள். கோபன்ஹேகனை ஏற்கெனவே சுற்றிப் பார்த்துவிட்டார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை கடல்மேல் உள்ள ஓரெசுண்ட் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனில் இருக்கும் மால்மோ போய், கடலை ஒட்டிப் புதிதாக எழுந்திருக்கும் வெஸ்ட்ரா ஹாம்னன் பகுதியை முழுக்க சைக்கிளிலேயே பார்க்கலாம் என்று ஆசை.

சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? ஒருத்தி பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை, அவளால் சமாளிக்க முடியுமா? இன்னொருத்தி சுத்த சைவம், அவளுக்கு என்ன கிடைக்கும்? "அந்தத் திருகின கோபுரத்தைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது, ஒரு நாள் முழுக்க அங்கே என்ன செய்வீர்கள்?" என்று என் கணவர் கேட்கிறார். அவருக்கும் ஒரு பதில் வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லுண்ட்_மாணவன்:

அக்கா, கோடைச் சனிக்கிழமையில் ஓரெசுண்ட் ரயில் நிரம்பி வழியும். சைக்கிளுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும், எடுத்தாலும் இடம் இருந்தால்தான் ஏற்ற முடியும். நாலு சைக்கிளோடு ஏறுவது பெரிய தலைவலி. மால்மோ சென்ட்ரல் பக்கத்தில் வாடகைக் கடை பார்த்து நாள் கணக்கில் எடுத்துவிடுங்கள். நகரத்தின் பொதுச் சைக்கிள்களும் உண்டு. ஆனால் அவை ஒரு நிறுத்தத்தில் எடுத்து இன்னொன்றில் விடுவதற்கானவை. கடற்கரையில் உட்கார்ந்து கதை பேசப் போகிறவர்களுக்கு நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது சரிவராது.

தோழிகளிடம் பாஸ்போர்ட்டையும் தங்கும் அனுமதி அட்டையையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். டென்மார்க்கிலிருந்து வரும் ரயிலில் ஸ்வீடன் பக்கம் சோதனை இருக்கலாம்.

கப்பல்காரர்_மால்மோ:

கனி, உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நாள் போதாது என்பதுதான் என் பதில். நான் தூத்துக்குடிக்காரன், கப்பல் இன்ஜினில் வேலை பழகியவன், இப்போது குடும்பத்தோடு மால்மோவில் இருக்கிறேன். இந்த இடத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும்.

நீங்கள் மிதிக்கப் போகிற தரை கப்பல் கட்டிய தரை. கொக்கும்ஸ் என்ற நிறுவனத்தின் தளம் அது. ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய தளங்களில் ஒன்று, ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் இங்கிருந்து இறங்கியிருக்கின்றன. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஆர்டர்கள் வற்றின. 1986இல் வணிகக் கப்பல் கட்டுவதையே நிறுத்துவது என்று முடிவானது. அந்த இடத்தில் 1989இல் சாப் கார் ஆலை வந்தது, அதுவும் 1991இல் மூடப்பட்டது. 138 மீட்டர் உயரத்தில் ஊர் முழுக்கத் தெரியும்படி ஒரு கிரேன் நின்றது. அதை ஹூண்டாய் ஒரு டாலருக்கு வாங்கி, 2002இல் பிரித்துக் கொரியாவின் உல்சானுக்குக் கொண்டுபோனது. அங்கே அதற்கு 'மால்மோவின் கண்ணீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரேன் கடலில் மறைவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அழுதார்களாம். துறைமுக ஊரில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அந்தக் கிரேன் கடைசியாகத் தூக்கியது எதைத் தெரியுமா? நீங்கள் ரயிலில் வரப்போகிற ஓரெசுண்ட் பாலத்தின் உயரமான தூண்களுக்கான அடித்தளங்களை. பாலத்தின் மேல் வரும்போது தோழிகளிடம் இதைச் சொல்லுங்கள்.

சென்ட்ரலில் சைக்கிள் எடுத்ததும் நேரே கோபுரத்துக்கு விரட்டாதீர்கள். பல்கலைக்கழகக் கட்டடங்களை ஒட்டி அங்குள்ள பாலத்தைக் கடந்து முதலில் டொக்கான் பக்கம் போங்கள். பழைய கப்பல் துறை இப்போது படகுத்துறையாகிவிட்டது, சுற்றிலும் அலுவலகங்களும் உணவகங்களும். அடுத்து ஸ்டாபல்பெட்ஸ்பார்க்கன். கப்பலைக் கட்டித் தண்ணீரில் இறக்கிய சரிவுத்தளம் இருந்த இடத்தில், கான்கிரீட்டில் பள்ளமும் மேடுமாக ஸ்கேட்போர்டு பூங்கா அமைத்திருக்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளைகள் அங்கே விழுந்து எழுவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது.

கோபுரம் அங்கிருந்தே தெரியும். டர்னிங் டோர்சோ, ஸ்பானியக் கட்டடக் கலைஞர் கலட்ராவா வடிவமைத்தது, 2005இல் திறந்தார்கள், 190 மீட்டர், 54 மாடி. அடியிலிருந்து உச்சிக்குப் போவதற்குள் 90 பாகை திரும்பியிருக்கும். உள்ளே பெரும்பாலும் வீடுகள், நினைத்த நேரத்தில் மேலே ஏறிப் பார்க்க முடியாது. சைக்கிளில் ஒரு முழுச் சுற்று வாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வேறு கட்டடம் மாதிரி இருக்கும். அது போதும்.

மீதி நேரத்தை அதற்கு மேற்கே உள்ள வீடுகளுக்குக் கொடுங்கள். 2001இல் 'போ நொல்-எட்' என்ற வீட்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய பகுதி அது. கண்காட்சி முடிந்ததும் பிரித்துப் போட அல்ல, மக்கள் குடியிருக்கவே கட்டினார்கள். கடலைப் பார்த்த முன்வரிசையில் ஐந்தாறு மாடிக் கட்டடங்கள், உள்ளே தணிந்த வீடுகள். சந்துகள் எதுவும் நேராக ஓடாது, வளைந்தும் விலகியும் போகும். வேண்டுமென்றே செய்தது அது. கடலோரத்தில் ஹேண்டில்பாரைப் பிடுங்குகிற காற்று, சந்துக்குள் திரும்பியதும் கதவைச் சாத்தினது போல நின்றுவிடும். சைக்கிளில் போனால்தான் இது உடம்புக்குத் தெரியும்.

சந்துகளில் ஓரமாக ஓடும் சின்ன வாய்க்கால்களைக் கவனியுங்கள். மழைநீரைக் குழாயில் புதைக்காமல் திறந்தவெளியிலேயே செடிகளுக்கும் குட்டைகளுக்கும் விட்டு, அப்புறம்தான் கடலுக்கு அனுப்புகிறார்கள். கட்டுமான நிறுவனங்களுக்கு நகராட்சி 35 அம்சங்கள் உள்ள பட்டியல் ஒன்றைக் கொடுத்து, குறைந்தது பத்தையாவது ஒவ்வொரு முற்றத்திலும் செய்தாக வேண்டும் என்றது. பறவைக்கூடு, வௌவால் பெட்டி, சுவரில் ஏறும் கொடி என்று போகும் அந்தப் பட்டியல். வீடுகளின் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையில் உள்ள தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். கோடையின் வெப்பத்தைச் சேமித்துக் குளிர்காலத்திலும், குளிர்காலத்தின் குளிர்ச்சியைக் கோடையிலும் எடுக்கிறார்கள். இதெல்லாம் மண்ணுக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படாது, சொன்னால்தான் தெரியும்.

பிறகு கடலோரம். ஸ்கானியாபாடெட்டில் தொடங்கித் தெற்கே டானியாபார்க்கன், சுண்ட்ஸ்ப்ரோமெனாடன் என்று வாருங்கள். மரப்பலகைப் படிகள், தண்ணீருக்குள் இறங்க ஏணிகள். ஜூன் கடைசியில் வெயில் அடித்தால் பாதி ஊர் அங்கேதான் படுத்திருக்கும். பலகைத் தளத்தில் ஓட்டாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். எனக்கு இந்தப் பகுதியில் எல்லாவற்றையும்விட முக்கியம் இந்தக் கரைதான். பின்னால் இருக்கிற வீடுகளின் விலை மிக அதிகம், என்னைப் போன்ற சம்பளக்காரர்களால் நினைத்துப் பார்க்க முடியாது. 'பணக்காரர்களுக்காகக் கட்டினது' என்று இங்கே பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கரையை விற்கவில்லை. காம்பவுண்டுச் சுவர் இல்லை, செக்யூரிட்டி இல்லை, யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்க ஆள் இல்லை. ஊரின் தெற்கிலிருந்து பஸ் பிடித்து வரும் குடும்பம் அந்தக் கோடீஸ்வரர் வீட்டுக்கு முன்னால் பாயை விரித்துச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கலாம். நாங்களும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய் அங்கேதான் உட்காருவோம். கடலோர நகரங்களில் இதைவிடப் பெரிய விஷயம் எனக்குத் தெரியாது. தோழிகளோடு அங்கே இரண்டு மணி நேரமாவது உட்காருங்கள், பாலம் முழுசாகத் தெரியும்.

மிதிக்கத் தெம்பு இருந்தால் கரையோடு தெற்கே ரீபெர்ஸ்போர்க் கடற்கரை வரை போகலாம். அங்கே கடலுக்குள் தூண் போட்டுக் கட்டிய 1898ஆம் வருஷத்துக் குளியல் மாளிகை இருக்கிறது. உள்ளே ஆடையில்லாமல் குளிப்பதுதான் வழக்கம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம். முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். திரும்பும் வழியில் மால்மோஹூஸ் கோட்டைப் பக்கம் வரிசையாக மீன்காரர்களின் குட்டிக் குடிசைகள் உண்டு. காலையில்தான் வியாபாரம், சாயங்காலம் போனால் மூடியிருக்கும்.

பயப்படுகிற தோழிக்கு: மால்மோ உள்ளங்கை மாதிரி தட்டை. சைக்கிள் பாதையும் பெரும்பாலும் தனியாகவே இருக்கும். ஒன்றே ஒன்று, இங்கே பல வாடகைச் சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கும். நம்மூர்ப் பழக்கத்தில் சும்மா பெடலைப் பின்னால் சுழற்றினால் சடாரென்று நின்றுவிடும். கடை வாசலிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பழகச் சொல்லுங்கள்.

வாணி_யூலாண்ட்:

கனி தங்கச்சி, கப்பல்கார அண்ணா வடிவாகச் சொல்லிவிட்டார். சாப்பாடு மட்டும் நான் சொல்கிறேன். வெஸ்ட்ரா ஹாம்னனில் உட்கார்ந்து சாப்பிட்டால் காசு கரையும். மொல்லேவொங்கன் சதுக்கத்துக்குச் சைக்கிளை விடுங்கோ. மரக்கறி, பழச் சந்தை, சுற்றிவரக் கடைகள். மால்மோவின் ஃபலாஃபெல் பேர் பெற்றது, சுத்த சைவம், மலிவு, ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறையும். எங்கட பிள்ளைகள் மால்மோ என்றாலே அதைத்தான் கேட்பினம்.

இன்னொன்று. வரும்போது பாலத்தால் வந்தால், திரும்பும்போது ரயிலில் ஹெல்சிங்போரி போய் அங்கிருந்து கப்பலில் ஹெல்சிங்கோருக்கு வரலாம். கடல் அந்த இடத்தில் நாலு கிலோமீட்டர்தான், இருபது நிமிடத்தில் டென்மார்க். ஹெல்சிங்கோரிலிருந்து கோபன்ஹேகனுக்கு நேர் ரயில் இருக்கு.

கனி_கோபன்ஹேகன்:

அண்ணா, இதைக் கணவருக்குச் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். இப்போது அவரும் வருகிறேன் என்கிறார், ஆக ஐந்து சைக்கிள். வாணி அக்கா, கப்பல் யோசனை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, வாடகைச் சைக்கிளை மால்மோவிலேயே விட்டுவிட்டு அப்படித் திரும்புகிறோம். இரண்டு சந்தேகம். காற்று பலமாக இருந்தால் எந்தத் திசையில் சுற்றுவது? ஹெல்மெட் கட்டாயமா?

கப்பல்காரர்_மால்மோ:

இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். அப்படி அடித்தால் நான் சொன்ன வழியைத் தலைகீழாக மாற்றுங்கள். தெம்பு இருக்கும்போதே காலையில் ஊருக்குள்ளாக ரீபெர்ஸ்போர்க் போய்விட்டு, கரையோடு வடக்கே வாருங்கள். காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். இந்த வழியில் மீன் குடிசைகளும் திறந்திருக்கும் நேரத்தில் கிடைக்கும்.

ஹெல்மெட் 15 வயசுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம், ஆனால் அந்தத் தோழிக்கு ஒன்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். பெல் அடிக்கிறதா என்று ஐந்து சைக்கிளிலும் பாருங்கள். ஜூன் கடைசியில் பத்து மணி நெருங்கும்வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மதியச் சாப்பாட்டுக்கு மொல்லேவொங்கன் போய்விட்டு, திரும்பவும் கரைக்கு வர நேரம் தாராளம்.